வலப்பக்கச் சூடு

காரின் இடது பக்கம் குளிர்ந்தது. வலது பக்கம் சுட்டது. வலது முன்னிருக்கையில் யாரும் இருக்கவில்லை.

முதல் நாள் துர்க்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினேழு வயதுக் கார். பழைய காரும் பழைய உடம்பும் ஒரே மாதிரித்தான், ஒரு பக்கம் சொல்லுக் கேட்டால் மற்றப் பக்கம் கேட்காது. தை மாதத்து விடியல் கனடாவின் அஜக்ஸில் இன்னும் சாம்பல் நிறமாகக் கிடந்த ஏழரை மணிக்கு, கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே ஏறி, ஹீற்றரைப் போட்டு, கைகளை ஊதி ஊதிக் காத்திருந்தாள். அந்தக் காரில் சூட்டுக்கு இரண்டு குமிழ்கள் இருந்தன. இடப்பக்கத்தில் ஓட்டுகிறவருக்கு ஒன்று, வலப்பக்கத்தில் கூட இருப்பவருக்கு ஒன்று. அவரவர் தமக்கு வேண்டிய அளவைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் இருபத்திரண்டில் வைத்தாள். அவளுடைய பக்கத்துத் துவாரங்களில் இருந்து, குளிர்ப்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு மூச்சு வந்தது. மற்றப் பக்கத்தில் இருந்து, சோற்றுப் பானையின் மூடியை எடுத்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. வெறும் இருக்கையை நோக்கி, ஓயாமல்.

டாஷ்போட்டுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு சத்தம். டிக், டிக், டிக். யாரோ நகத்தால் பிளாஸ்ரிக்கைத் தட்டுவது போல. நிற்கும். பிறகு மறுபடியும்.

“இண்டைக்குக் கார் நல்ல வோர்ம், அம்மா,” என்றாள் பின்னால் இருந்த மகள் சுபாங்கி. ஏழு வயது. வலப்பக்க இருக்கைக்குப் பின்னால்தான் அவளுடைய சின்ன இருக்கை பூட்டியிருந்தது.

துர்க்கா வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிறவள். காலையில் மார்க்கம் என்ற ஊரில் ஒருவரைக் குளிப்பாட்டி, மத்தியானம் றிச்மண்ட் ஹில்லில் ஒருவருக்குச் சோறு தீத்திவிட்டு, பின்னேரம் மகளைப் பள்ளியில் எடுக்க அஜக்ஸுக்கு ஓடிவர வேண்டும். கணவன் பிரிந்து போய் இரண்டு வருடமாகிறது. ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தாயும் மகளும் மட்டும். அவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சியது அந்தப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு தடிமன் வந்தாலும் துர்க்கா விடிய விடிய மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள்.

வீதியால் போகும்போது வலப்பக்கத்துக் குமிழைத் தற்செயலாகப் பார்த்தாள். அவள் இருபத்திரண்டில் வைத்திருந்தாள். முப்பத்திரண்டில் நின்றது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை.

*

அந்தக் காரை அவள் ஸ்ரௌவ்வில்லில் வாங்கினாள். இரத்தினவேல் என்ற ஒருவர், அறுபத்தைந்து வயதிருக்கும், தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி பேபி இறந்து அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். முன்னறையில் படம், படத்துக்கு முன் விளக்கு, பக்கத்தில் மூடிவைத்த ஒரு தட்டும் ஒரு கிளாஸ் தண்ணீரும். முப்பத்தோராம் நாள் கிரியை கழிய முதல் இறந்தவருடைய பொருளை வெளியே கொடுப்பார்களா என்று துர்க்காவுக்கு மனதில் ஒரு கேள்வி எழும்பியது. அவளுடைய பழைய கார் நாலு நாளுக்கு முன்னர் நடுவீதியில் நின்றுபோயிருந்தது. கேள்வியை விழுங்கிவிட்டாள்.

அந்த வீட்டில் சூட்டு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தும் வீடு குளிர்ந்தது. கம்பளியும் தைலமும் கலந்த ஒரு மணம். இரத்தினவேல் வீட்டுக்குள் தடித்த கோட்டுப் போட்டு, வலது கையில் மட்டும் கையுறை மாட்டியிருந்தார். ஹீற்றர் எப்படி என்று அவள் கேட்டபோது, நன்றாக வேலை செய்யும், வலப்பக்கம் கொஞ்சம் கூடத்தான் என்றார். காரின் திறப்பை இடது கையால் நீட்டினார். நல்ல காரியத்துக்கு இடக்கையால் கொடுக்கிறாரே என்று நினைத்தாள். பாவம், துக்கத்தில் இருக்கிற மனிசன் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செத்த வீட்டில் எப்படி விடைபெற வேண்டும் என்று நம்மில் தெரியாதவர் யார்? போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழும்பி, தலையைக் குனிந்து, வாய் திறக்காமல் வந்துவிட வேண்டும். துர்க்காவுக்கும் அது தெரியும். ஆனால் சப்பாத்தை மாட்டியபடி, கையில் திறப்பு, மனதில் பிள்ளையைப் பள்ளியில் எடுக்கிற நேரம், இவ்வளவும் ஒன்றாக நிற்கும்போது வாய் தன்னுடைய பழக்கத்தைச் செய்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு வாசலிலும் சொன்னது. மகளுக்கும் அடித்து அடித்துப் பழக்கியது. “போறன்” என்று அந்தப் பிள்ளை சொன்னால் திருப்பிக் கூப்பிட்டு, சரியாகச் சொல்லவைத்து அனுப்புவாள்.

“அப்ப, போட்டு வாறன் அங்கிள்.”

இரத்தினவேல் தலையை நிமிர்த்தவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அந்த ஒடுங்கிய நடையில் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றார். பின்னால் இருந்து வருகிற யாருக்கோ வழி விடுகிறவர் போல.

அவள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர் வாசலில் நின்று, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

*

அந்தச் சனிக்கிழமை காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஐயர் வாகனத் தரிப்பிடத்துக் குளிரில் நடுங்கியபடி திருநீறு பூசி, நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். அவள் மெதுவாக ஏற்றி நசித்தாள். மூன்று பழங்கள் வெடித்துச் சாறு பனியில் மஞ்சளாகப் படிந்தது. வலப்பக்க முன்சில்லுப் பழம் நசியவில்லை. கல்லுப் போல உறைந்து, சில்லு ஏற, வழுக்கி, உருண்டு வந்து அவளுடைய கதவடியில் நின்றது. நாலு பழமும் ஒரே பையில் இருந்து வந்தவை.

ஐயர் அதைக் காலால் தள்ளிவிட்டு, நல்ல குளிர் என்ன, என்றார்.

*

பஸ்ரியன் ஸ்காபரோவில் கார் திருத்துகிற கராச் வைத்திருப்பவன். ஊரெல்லாம் அவனிடம்தான் போகும்; கை வேலை செய்யும், வாய் அதைவிட வேகமாக வேலை செய்யும்.

“காருக்குப் பாரிசவாதம், அக்கா. ஒரு பக்கம் விழுந்திட்டுது,” என்றான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தான். இயந்திரத்தைக் குளிராக்கி ஓடும் நீரின் அளவைப் பார்த்தான், நிறைந்திருந்தது. ஹீற்றருக்குப் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், இரண்டையும் கையால் பிடித்துப் பார்த்தான், இரண்டும் கொதித்தன. அப்படியென்றால் சூடு காருக்குள் வருகிறது, பங்கு பிரிக்கிற இடத்தில்தான் பிழை என்றான். டாஷ்போட்டுக்குள் ஒரு சின்ன மடல் இருக்கிறதாம். அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். அந்த மோட்டாரின் பிளாஸ்ரிக் பல்லுகள் தேய்ந்தால் இப்படி டிக், டிக் என்று தட்டும். அவளுடைய பக்கத்துக்குப் புது மோட்டார் போட்டான். காற்று வடிகட்டியை மாற்றினான். பற்றறியைக் கழற்றி, கார் பழையதை எல்லாம் மறக்கட்டும் என்று பத்து நிமிடம் விட்டு, மறுபடி பூட்டினான்.

வெப்பமானியைத் துவாரங்களில் செருகினான். இடது பக்கம் நாலு. வலது பக்கம் அறுபத்திரண்டு.

டிக், டிக், டிக்.

கடைசியாகக் கம்பியூட்டரைக் கொழுவி, நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “கார் ஒரு பிழையும் சொல்லேல்லை. வலப்பக்கத்து ஆள் சூடு கேக்கிறாவாம், தான் குடுக்கிறனாம். ஆரை அக்கா ஏத்திக்கொண்டு திரியிறியள்?”

கண்ணாடியில் வலப்பக்கம் மட்டும் பனிமூட்டம் போலப் புகார் பிடிக்கிறதே என்று அவள் கேட்டாள். ஒரு வட்டம். இருக்கையில் இருக்கிற ஒரு பெண்ணின் வாய் உயரத்தில். பெரிதாகும், சிறுக்கும், பெரிதாகும். அது மூச்சாலதான் வரும், வேறொன்றும் இல்லை என்றான் பஸ்ரியன், தான் சொன்னதை யோசிக்காமலே. பிறகு கையுறைப் பெட்டிக்குக் கீழே பார்ப்பதற்காக வலப்பக்க இருக்கையில் ஏறி இருந்தான்.

தட்டல் நின்றது.

ஓட்டுகிற இருக்கையில் இருந்த துர்க்காவின் முகத்தில் சூடு அடித்தது. ஒரு கிழமைக்குப் பிறகு, முதன்முதலாக. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

பஸ்ரியன் எழும்பினான். எழும்பினான் என்பது சரியில்லை. மேலே தலை அடிபட, வெளியே பாய்ந்தான். தொடையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தட்டித் தட்டித் துடைத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், வேறு ஒருவருடைய கார் காத்திருக்கிறது என்றான். அவனுடைய கராச்சில் வேறு கார் இருக்கவில்லை.

*

அதற்குப் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கிவிட்டால் பிறகு ஒரு மனிதருக்கு நிம்மதி ஏது?

சூடு அதிகமாக வீசும்போது அந்த மணம் வரும், கம்பளியும் தைலமும். வலப்பக்கத்துக் குமிழை அவள் பதினெட்டுக்குத் திருப்பினால், அடுத்த சிவப்பு விளக்குக்குப் போய்ச் சேரமுன் அது மெல்ல மெல்ல, டிக் டிக் என்று முப்பத்திரண்டுக்கு ஏறிவிடும். ஒருநாள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும்போது, அறுபது பாகைச் சூடு வீசுகிற அந்த இருக்கையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஓரங்கள் சுட்டன. நடு உறைந்திருந்தது. விரலால் அந்தக் குளிரின் எல்லையைத் தேடிக்கொண்டு போனாள். இரண்டு தொடைகளின் அகலம். முதுகின் அகலம். தோள். அதற்கு மேல் தலை சாய்கிற இடத்தில் ஒரு சின்ன வட்டம். அவ்வளவு சூட்டையும் வாங்கி வாங்கி, ஒரு துளிகூடத் திருப்பித் தராமல், அங்கே ஒரு குளிர் உட்கார்ந்திருந்தது.

கையை எடுத்தாள். சுட்டுவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மெழுகுதிரி போல வெளுத்திருந்தன. கிளினிக்கில் இருந்த டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, கையுறை இல்லாமல் எவ்வளவு நேரம் வெளியில் நின்றாய் என்று கேட்டார். காருக்குள் இருந்தேன், ஹீற்றர் போட்டிருந்தது என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வலது கை. எப்போதும் வலது கைதான். அந்த இருக்கைக்குக் கிட்டவாக இருக்கிற கை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பியவள், முன்னிருக்கையில் ஒரு கையுறையைக் கண்டாள். சுபாங்கியின் சிவப்புக் கையுறை. வெறும் கையுறை என்றால் சப்பையாகக் கிடக்கும். அது அப்படிக் கிடக்கவில்லை. உள்ளே கை இருக்கிறாற்போல உப்பி, நிமிர்ந்து, வெண்பனி படிந்து விறைத்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மெதுவாகச் சுருங்கியது.

பின்னேரம், கையுறை எங்கே என்று மகளிடம் கேட்டாள்.

“குடுத்தனான்,” என்றாள் சுபாங்கி. “ஷீ இஸ் ஸோ கோல்ட், அம்மா.”

“ஆர்?”

பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு யன்னலால் பனியைப் பார்க்கத் தொடங்கினாள். வகுப்பில் கூட இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறவள் போல, அவ்வளவு சாதாரணமாக.

*

இரத்தினவேல் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து வெக்கை வந்தது. மாசி மாதத்தில் சாரமும் மெல்லிய பனியனுமாக நின்றார். முன்னறை யன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு இல்லை, தட்டு இல்லை. வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு வெளியே இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுபோயிருந்தன.

அவளைத் தாண்டி, வீதியோரம் நின்ற காரைப் பார்த்தார்.

“அவ எப்பிடி இருக்கிறா, பிள்ளை?”

துர்க்கா திறப்பை அவருக்கு முன்னால் நீட்டினாள். காரைத் திருப்பி எடுங்கோ, எனக்கு ஒன்றும் திருப்பித் தரத் தேவையில்லை என்று கெஞ்சினாள். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

“காரில ஒண்டும் இல்லை, பிள்ளை. காரை நான் எடுத்தாலும் அவ உன்னோடதான் வருவா.”

பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் மனைவியின் மூச்சு நின்ற அந்த நேரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலடியில் குனிந்தாராம். முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது கதவடியில் நின்று அவளுக்குச் சொன்னது வாயில் வந்துவிட்டதாம். போட்டு வாறன். யோசித்துச் சொல்லவில்லை. கீழே தரிப்பிடத்துக்கு வந்தபோது காரின் வலப்பக்கக் கண்ணாடியில் உள்ளே இருந்து புகார் பிடித்திருந்ததாம். பத்தொன்பது நாள் காரிலும் வந்தாள், வீட்டிலும் இருந்தாள். அவளுக்கு எத்தனை சூடு போட்டும் போதவில்லை. பிறகு முப்பத்தோராம் நாள் கிரியையும் குறைவில்லாமல் செய்தாராம். ஐயர் எல்லாம் நிறைவு என்றாராம்.

“நான் உன்னைச் சொல்ல வைக்கேல்லை. நீயாத்தான் சொன்னனி. ஆனா நீ சொன்ன உடன என்ரை கை சுட்டுது, பிள்ளை. நான் அழுதனான்.” பிறகு கேட்டார். “வீட்டில பிள்ளையள் இருக்கோ?”

ஒரு மகள் என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அதை அந்தக் காரில ஏத்தாதை. எங்களுக்குப் பிள்ளையள் கிடைக்கேல்லை. கோயிலுக்குப் போனாலும் அவ ஆற்றையேன் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பா. விடமாட்டா. நான்தான் இழுத்துக்கொண்டு வாறது.”

அவள் புறப்பட்டபோது அவர் கட்டுப்போட்ட கையால் தன்னுடைய வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். அவள் வாசலைத் தாண்டி, காரில் ஏறி, வீதி திரும்பும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

போகும் வழியில் பஸ்ரியனுக்கு ஃபோன் எடுத்தாள். அன்றைக்கு அந்த இருக்கையில் உனக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அவனிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

“ஆற்றையோ மடியில இருந்த மாதிரிக் கிடந்தது, அக்கா,” என்றான். “காரை இனி இஞ்சை கொண்டு வராதேங்கோ.”

*

துர்க்காவும் அவர் செய்ததைச் செய்ய நினைத்தாள். ஏன் பொய் சொல்ல வேண்டும், நினைத்தாள்தான். காரை விற்பதாக விளம்பரம் போட்டாள். அன்றைக்கே ஒரு பெடியன் ஃபோன் எடுத்தான், புதிதாகக் கலியாணம் முடித்தவன். பங்குனியில் பிள்ளை பிறக்கப் போகிறது, பின்னுக்குக் குழந்தை இருக்கை வைக்க இடம் காணுமா, ஹீற்றர் நல்லதா என்று ஆசையோடு கேட்டான். கார் விற்றுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். இன்னொருவர் தலையில் கட்டிவிட அவளால் முடியவில்லை. வருகிறது என்னோடே வரட்டும், என் கையோடே போகட்டும், பிள்ளை தப்பினால் போதும் என்று நினைத்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் மேல்வீட்டு நதீஷாதான் சுபாங்கியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போனாள். துர்க்கா தனியே ஓட்டினாள். தனியே அல்ல. குளிர் விரலில் இருந்து மணிக்கட்டுக்கு வந்தது. மணிக்கட்டில் இருந்து முழங்கைக்கு. நாலாம் நாள் அந்தக் கையால் பொத்தான் போட முடியவில்லை. மார்க்கத்தில் அவள் குளிப்பாட்டுகிற கிழவர், அவளுடைய கை பட்டதும் கத்திவிட்டார்.

பழைய கார்களை நசித்து இரும்பாக்குகிற ஓர் இடத்துக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நாலரைக்கு இழுவை வண்டி வந்தது. நாளை மத்தியானம் இது இவ்வளவுதான் இருக்கும் என்று சாரதி இரண்டு கையாலும் அளந்து காட்டினான்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள் துர்க்கா. சொல்லாமல் விடைபெற்றால் பேபி காரோடே போய்விடுவாள் என்று நம்பி, செத்த வீட்டில் செய்ய வேண்டியதை இந்த முறை பிழையில்லாமல் செய்தாள். காரிடம் வாய் திறக்கவில்லை. சாரதிக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. மகளைப் பக்கவாசல் கதவுக்குள் நிற்கச் சொல்லி, வெளியே வரக்கூடாது, காருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். திறப்பை நீட்டினாள், இடது கையால். வலது கை மடங்கவில்லை. கடதாசியில் கையெழுத்தையும் இடது கையாலேயே, குனிந்து, கிறுக்கினாள். சங்கிலி இழுபட்டது. வண்டி வீதியில் ஏறி, சின்னதாகி, பனிக்குள் மறைந்தது.

இழுபட்டுப் போகும்போது வலப்பக்கக் கண்ணாடி சுத்தமாக இருந்தது. புகார் இல்லை. அதைக் கண்டு அவள் சந்தோசப்பட்டாள், பாவம்.

உள்ளே வந்து, செத்த வீட்டால் வந்தவள் போலவே தலை முழுகினாள். தண்ணீர் வலது கையில் பட்டது. ஊசி குத்துவது போல ஒரு நோவு. பிறகு சூடு. விரல் நுனியில் ஒரு துளி, பிறகு விரல் முழுவதும், உள்ளங்கை, மணிக்கட்டு. கையை மடக்கினாள். மடங்கியது. சுவரில் தலையைச் சாய்த்து, தண்ணீரோடு தண்ணீராக அழுதாள்.

அந்த மனிசன் இப்படித்தான் அழுதிருப்பார் என்று ஒரு நினைவு வந்தது. தண்ணீரைப் பூட்டினாள்.

இரத்தினவேலின் கை எப்போது சுட்டது?

துவாயைச் சுற்றிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். சுபாங்கி மேசையில் இருந்தாள். கொதிக்கக் கொதிக்கப் போட்டு வைத்த புட்டும் சொதியும் அவளுக்கு முன்னால். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை சாப்பிடுகிறாள். அவ்வளவுதான். துர்க்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

பிள்ளை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சோத்துக்கையால சாப்பிடு,” என்றாள் துர்க்கா. வாய், தன்னுடைய பழக்கத்தைச் செய்தது.

“ஏலாது, அம்மா. இது பிஸி.”

மேலே, சூடு வருகிற கூரைத் துவாரத்துக்குள், டிக். டிக். டிக்.

“சுபா. நீ ஆருக்கும் ஏதும் சொன்னனியோ?”

“நான் வெளியில வரேல்லை. புறொமிஸ். கதவுக்குள்ளதான் நிண்டனான்.” பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தாய் மெச்சுவாள் என்கிற முகம். “நீங்கள் சைன் பண்ணிக்கொண்டு நிண்டனீங்கள். காருக்குச் சொல்ல மறந்திட்டீங்கள். ஸோ நான் சொன்னனான். போட்டு வாறன் எண்டு. சரியாச் சொன்னனான்.”

சொதியின் ஆவி நேரே மேலே போகவில்லை. சாய்ந்தது. பிள்ளையின் வலப்பக்கத்தில், மேசையில் இருந்து இழுத்து விட்டிருந்த வெறும் கதிரையை நோக்கிச் சாய்ந்து, அங்கே முகம் உயரத்தில் போய், இல்லாமல் போனது.

தைல மணம்.

“போட்டு வாறன்,” என்றாள் துர்க்கா, கதிரையைப் பார்த்து. மறுபடி சொன்னாள். ஈரக் காலோடு கதவைத் திறந்து, பனியில் இறங்கி நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னாள். என்னோட வாங்கோ என்றாள். கெஞ்சினாள். அவளுடைய கை சுட்டது. பனிக்குள் நின்றும் சுட்டது. இரண்டு கையும் நல்ல சூடு.

உள்ளே, சுபாங்கியின் வலது கை வெறும் கதிரையின் மேல் இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. வேறு விரல்கள் இடையில் கோத்திருப்பது போல, விரல்கள் ஒவ்வொன்றும் அகன்று, மெல்ல மடிந்து. நகங்கள் வெளுத்திருந்தன. அந்த வெள்ளை, மெழுகு போல, முதல் மூட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை இடக்கையால் ஒரு வாய் புட்டை எடுத்து, ஊதி ஆற்றாமல், கதிரைப் பக்கம் நீட்டினாள்.